சரளமாக வாசிக்கிறார்கள், ஆனால் புரியவில்லை: எங்கிருந்து தொடங்குவது?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். மூன்றாம் வகுப்பு. பிள்ளைகளில் பெரும்பாலோர் பாடத்தைத் தடுமாறாமல் வாசிக்கிறார்கள். "இதில் என்ன நடந்தது?" என்று கேட்டால் மட்டும் விழிக்கிறார்கள், அல்லது பாடத்திலிருந்து ஒரு வரியை அப்படியே ஒப்பிக்கிறார்கள். இதைச் சரிசெய்ய நல்ல பயிற்சித்தாள்கள் எவை என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருப்பதாக எனக்குப் படுகிறது: சைக்கிள் ஓட்டுவதைப் போல, திரும்பத் திரும்பச் செய்தால் வந்துவிடும் ஒரு திறனா புரிந்துகொள்ளுதல்? 22 வருடம் தொடக்க வகுப்புகளில் பாடம் எடுத்திருக்கிறேன். முதல் ஏழெட்டு வருடம் "ஆமாம்" என்றுதான் நம்பினேன். பத்தி, அதற்குக் கீழே ஐந்து கேள்வி, மறுநாள் வேறு பத்தி, மறுபடி ஐந்து கேள்வி. கட்டுக்கட்டாகத் தாள் அடித்துக் கொடுத்தேன். பிள்ளைகள் தேறினார்கள், தாளை நிரப்புவதில்.

ஏன் அப்படி ஆனது என்று காட்ட ஒரு சின்ன விளையாட்டு. இதை வாசியுங்கள்: "மிலவன் நேற்றுத் தெறுவையில் விறுகலாகப் பெகுந்தான். நிமிளை கொணைந்ததால் அவனுக்குச் சொமல் வந்தது." இப்போது கேள்விகள். மிலவன் எங்கே பெகுந்தான்? தெறுவையில். எப்படிப் பெகுந்தான்? விறுகலாக. அவனுக்கு ஏன் சொமல் வந்தது? நிமிளை கொணைந்ததால். மூன்றுக்கு மூன்று. இத்தனைக்கும் இந்தச் சொற்கள் எல்லாம் நான் இப்போது இட்டுக்கட்டியவை, அவற்றுக்கு ஒரு பொருளும் கிடையாது. "எங்கே" என்றால் "இல்" உருபு வந்த சொல்லைத் தேடு, "ஏன்" என்றால் "ஆல்" என்று முடிவதைத் தேடு. தமிழில் வேற்றுமை உருபுகள் இவ்வளவு கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருப்பதால், பொருள் துளியும் தெரியாமல் முழு மதிப்பெண் வாங்கிவிட முடியும். உங்கள் பிள்ளைகள் வரியை அப்படியே எடுத்து எழுதுவது சோம்பேறித்தனத்தால் அல்ல. நாம் கேட்கிற கேள்விக்கு அதுவே போதும் என்று அவர்கள் சரியாகக் கணித்துவிட்டார்கள்.

பத்திக்குக் கீழே வரும் கேள்வி, புரிந்ததா என்று சோதிக்கும், புரியவைக்காது. இதைச் சொல்வது நான் மட்டுமல்ல. டொலோரஸ் டர்கின் என்ற அமெரிக்க ஆய்வாளர் நான்காம் வகுப்பு வாசிப்புப் பாடவேளைகளில் போய் உட்கார்ந்து, நேரத்தைக் கணக்கெடுத்து, 1978-79இல் வெளியிட்டார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டார்கள், தாள் கொடுத்தார்கள், திருத்தினார்கள்; எப்படிப் புரிந்துகொள்வது என்று சொல்லிக்கொடுத்த நேரம் மொத்தத்தில் ஒரு சதவீதம்கூட இல்லை. அதை முதன்முதலில் படித்தபோது என் வகுப்பறைக்குள் யாரோ ஒளிந்திருந்து குறிப்பெடுத்த மாதிரி இருந்தது.

அதனால் தாள் தேடுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். வகுப்பில் உங்களுக்குக் கவலை தரும் மூன்று பிள்ளைகளைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொருவரையும் தனியாக உட்காரவைத்து, பழக்கமில்லாத ஒரு பத்தியை அவரையே வாசிக்கச் சொல்லி, என்ன விஷயம் என்று கேளுங்கள். பிறகு அதே அளவு கடினமான இன்னொரு பத்தியை நீங்கள் வாசித்துக்காட்டி, அதே மாதிரி கேளுங்கள். காதால் கேட்டது புரிகிறது, கண்ணால் வாசித்தது புரியவில்லை என்றால் சிக்கல் எழுத்தில் இருக்கிறது: வெளியே சரளம் போலத் தெரிந்தாலும் உள்ளே எழுத்தைக் கூட்டுவதிலேயே மூளை களைத்துப்போகிறது. இரண்டுமே புரியவில்லை என்றால் சிக்கல் மொழியில் அல்லது பொருளறிவில், அதாவது பத்தி பேசும் விஷயத்தைப் பற்றி ஏற்கெனவே தெரிந்திருப்பதில், இருக்கிறது; அந்தப் பிள்ளையை இன்னும் நூறு பக்கம் வாசிக்கவைத்தும் பயனில்லை. இந்தச் சோதனைக்குப் பின்னால் இருப்பது பிலிப் கஃப், வில்லியம் டன்மர் இருவரும் 1986இல் முன்வைத்த எளிய சமன்பாடு: வாசித்துப் புரிதல் என்பது எழுத்தைச் சொல்லாக்கும் திறனும், கேட்டுப் புரியும் திறனும் பெருக்கி வருவது. கூட்டல் இல்லை, பெருக்கல். ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். வாசிப்பு ஆய்வில் இவ்வளவு காலம் தாக்குப்பிடித்த கருத்துகள் குறைவு; இதை உறுதியான பக்கத்தில் வைக்கலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. நிமிடத்துக்கு இத்தனை சொல் வாசித்தால் சரளம் என்று ஆங்கில வகுப்புகளுக்காகத் தயாரித்த அட்டவணைகள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அவற்றைத் தமிழுக்கு அப்படியே வைத்து அளக்காதீர்கள். "வந்துகொண்டிருந்தார்களாம்" என்பது நமக்கு ஒரே சொல். ஆங்கிலத்தில் அது ஒரு வாக்கியம். 247 எழுத்துகளும் கைக்குள் வரவே நம் பிள்ளைகளுக்கு நாளாகும். அருகிலிருக்கும் கன்னடத்தில், எழுத்து வரிசை முழுவதும் பிடிபட நான்காம் வகுப்புவரைகூட ஆகிறது என்று சோனாலி நாக் 2007இல் காட்டியிருக்கிறார். ஆகவே மூன்றாம் வகுப்பில் ஒரு பிள்ளை "ஞொ"வைப் பார்த்துத் தயங்கினால் பதற வேண்டாம்.

தமிழ் வாசிப்புக்கே உரிய சில முட்டுக்கட்டைகளை மொழிபெயர்த்து வரும் கையேடுகள் தொடுவதேயில்லை. என் அனுபவத்தில் பாதிப் பிள்ளைகள் தடுக்கி விழுவது அங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். முதலாவது, வாக்கியத்தின் தலை கடைசியில் இருக்கிறது. "நேற்று மழையில் நனைந்த சிறுவன் கொண்டுவந்த பையிலிருந்த புத்தகம் கிழிந்திருந்தது." என்ன கிழிந்தது என்று கேட்டால் பை என்பார்கள், சிலர் சிறுவனுக்கு அடிபட்டது என்பார்கள். முதலில் வந்ததையெல்லாம் மனதில் தாங்கிக்கொண்டே வினைமுற்று வரை நடக்க வேண்டும். எட்டு வயதுக்கு அது பெரிய சுமை. நான் செய்வது இதுதான்: கடைசிச் சொல்லில் விரலை வைக்கச் சொல்வேன். கிழிந்திருந்தது. என்ன? புத்தகம். எங்கே இருந்த புத்தகம்? பையில். யார் கொண்டுவந்த பை? சிறுவன். எந்தச் சிறுவன்? என் வகுப்பில் இதற்கு "வாலைப் பிடித்து ஏறுவது" என்று பெயர். வாரத்துக்கு இரண்டு வாக்கியம், கரும்பலகையில், ஐந்தே நிமிடம்.

இரண்டாவது, எழுவாய் காணாமல் போகும். "மாலா பூனையைத் தேடினாள். ஜன்னல் வழியாக ஓடிவிட்டது." ஓடியது யார் என்று வினையின் வாலே காட்டிக்கொடுத்துவிடும், பிள்ளைகள் தவறவிடுவதில்லை. ஆனால் இதைப் பாருங்கள்: "ரவி தம்பியிடம் பென்சிலைக் கொடுத்தான். அரை மணி நேரத்தில் உடைத்துவிட்டான்." உடைத்தது யார்? பெரியவர்கள் பெரும்பாலும் தம்பி என்போம். பென்சில் இப்போது யார் கையில் இருக்கிறது என்று யோசித்துவிட்டுத்தான் அப்படிச் சொல்கிறோம். என் வகுப்பில் பாதிக்கு மேல் "ரவி" என்பார்கள். ஏனென்றால் ரவிதான் முதலில் வந்த பெயர். இலக்கணம் இங்கே உதவாது, கதையை மனதில் ஓட்டிப் பார்த்தால்தான் விடை. இது மாதிரி இரண்டு வரியை எழுதிப்போட்டு, "யார்?" என்று கேட்டு, காரணம் சொல்லவைத்தால் வகுப்பே சூடாகிவிடும்.

மூன்றாவது, பேச்சும் எழுத்தும் வேறு வேறாக இருப்பது. "உரைத்தான்", "இல்லம் திரும்பினான்", "அகன்றது" எல்லாம் பிள்ளை வீட்டில் காதால் கேட்காத சொற்கள். எழுத்து தெரிவதால் வாய் சொல்லிவிடும், மனதில் எதுவும் தட்டாது. இதில் என் நிலைப்பாடு கொஞ்சம் பிடிவாதமானது: பிள்ளை புரிந்துகொண்டதைச் சொல்லும்போது முதலில் பேச்சுத் தமிழில்தான் சொல்ல வேண்டும். "வீட்டுல தங்கச்சிகிட்ட சொல்ற மாதிரி சொல்லு" என்பேன். பாடத்தின் சொல் ஒன்றுகூட வராமல் விஷயம் முழுவதும் வந்துவிட்டால், அதைவிட நல்ல சான்று கிடையாது. எழுத்துத் தமிழில் எழுதுவது அதற்குப் பிறகு, தனி வேலையாக. "முழு வாக்கியத்தில் விடை சொல்" என்று ஆரம்பத்திலேயே கட்டாயப்படுத்தினால், பிள்ளை பாதுகாப்பான வழியைத் தேடும். பாடத்து வரியை ஒப்பிப்பதுதான் அந்த வழி. உங்கள் வகுப்பிலும் இதுவே நடக்கிறதா என்று ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள்.

அடுத்தது ஊகம், வரிகளுக்கு இடையில் இருப்பதைப் பிடிப்பது. ஒரு வகுப்பில் நடந்ததை அப்படியே சொல்கிறேன். நானே எழுதிய நான்கு வரி: "கவிதா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். குடையை மூலையில் சாய்த்து வைத்தாள். தரையில் ஒரு சின்னக் குளம் உருவானது. அம்மா துண்டோடு ஓடி வந்தார்." குளம் எப்படி வந்தது என்று கேட்டேன். ஒரு பையன், "அம்மா தண்ணியக் கொட்டிட்டாங்க மிஸ்" என்றான். முன்பெல்லாம் "தப்பு, உட்கார்" என்று அடுத்த பிள்ளைக்குப் போயிருப்பேன். "எந்த வரிய வச்சுச் சொல்றே?" என்று கேட்டேன். "துண்டோடு" என்ற சொல்லின் மேல் விரலை வைத்தான். "கொட்டினாத்தானே மிஸ் துடைப்பாங்க?" யோசனை சரிதான், பாதி வரிகளை மட்டும் வைத்து யோசித்திருக்கிறான். "அப்போ இந்தக் கதையில குடை எதுக்கு வருது?" என்றேன். பின் வரிசையிலிருந்து ஒரு பெண், "மிஸ், குடையிலேர்ந்துதான் சொட்டுது! வெளியில மழை!" என்று கத்தினாள். பையன் விடவில்லை: "மழைன்னு போடவே இல்லையே? மழை பெஞ்சா போட்டிருப்பாங்கல்ல?"

அந்த ஒரு வாக்கியத்தில் எனக்கு நிறைய விளங்கியது. அவனுக்கு ஊகிக்கத் தெரியும்; விளையாட்டில், வீட்டில், என் முகத்தைப் பார்த்தே என் கோபத்தை ஊகிப்பவன். புத்தகம் என்றால் மட்டும் எழுதியிருப்பதுதான் உண்டு, எழுதாதது இல்லை என்று நம்பிக்கொண்டிருந்தான். அந்த நம்பிக்கையை அவனுக்குக் கொடுத்தது நாம்தான், "விடை பாடத்திலேயே இருக்கிறது, தேடு" என்று வருடக்கணக்கில் சொல்லி. எழுதுகிறவர் எல்லாவற்றையும் எழுதமாட்டார், வாசிப்பவர் நிரப்புவார் என்று விட்டுவைத்திருப்பார் என்று அன்றைக்கு வெளிப்படையாகச் சொன்னேன். பிறகு எதிர்த்திசையிலும் விளையாடினோம்: "பசி" என்ற சொல் வராமல் ஒருவனுக்குப் பசி என்று மூன்று வரியில் எழுது, மற்றவர்கள் கண்டுபிடிக்கட்டும். அந்தப் பையன் எழுதியது: "அவன் மணியைப் பார்த்தான். பையைத் திறந்து பார்த்தான். மறுபடி மணியைப் பார்த்தான்." எனக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

தனக்குப் புரியவில்லை என்பதே பிள்ளைக்குத் தெரியாமல் போவதும் உண்டு. எலன் மார்க்மன் 1979இல் வெளியிட்ட ஆய்வில், மூன்றாம், ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முரணான கட்டுரைகளை வாசித்துக் காட்டினார். ஒன்றில் கடலின் அடியில் வெளிச்சமே இல்லை, மீனுக்கு நிறம்கூடத் தெரியாது என்று இருக்கும். அடுத்த வரியிலேயே அங்குள்ள சில மீன்கள் நிறத்தைப் பார்த்து இரையைத் தெரிந்துகொள்ளும் என்று வரும். பெரும்பாலோர் எதுவும் உதைப்பதாகச் சொல்லவில்லை. இதை உங்கள் வகுப்பிலும் செய்யலாம். பத்தியில் வேண்டுமென்றே ஒரு வரியைக் கெடுத்துவைத்து, "இதில் ஒன்று உதைக்கிறது, கண்டுபிடியுங்கள்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முன்கூட்டிச் சொல்வது முக்கியம். இல்லாவிட்டால் அச்சில் வந்தது தப்பாக இருக்காது என்று பிள்ளைகள் அதைத் தாங்களே சமாளித்துப் பொருள் சொல்லிவிடுவார்கள்.

பொருளறிவைப் பற்றி. 1988இல் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி இருவரும் 64 மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வு பலமுறை மேற்கோள் காட்டப்படுவது. பேஸ்பால் ஆட்டம் ஒன்றின் வர்ணனையை வாசிக்கவைத்து, நடந்ததைப் பொம்மைகளை நகர்த்திக் காட்டச் சொன்னார்கள். பேஸ்பால் நன்றாகத் தெரிந்த, வாசிப்பில் பின்தங்கிய மாணவர்கள், பேஸ்பால் தெரியாத நல்ல வாசிப்பாளர்களை முந்திவிட்டார்கள். "இவன் வாசிப்பில் மந்தம்" என்று முத்திரை குத்துவதற்கு முன் எதைப் பற்றி வாசிக்கிறான் என்று பார்க்க வேண்டும். நான் இதிலிருந்து எடுத்துக்கொண்டது எளிமையானது: திங்கள் தேனீ, செவ்வாய் விண்வெளி, புதன் நேர்மை என்று தாவாமல், இரண்டு வாரம் தேனீயிலேயே இருப்பது. ஒரு தகவல் கட்டுரை, ஒரு கதை, ஒரு படவிளக்கம், ஒரு பாட்டு. முதல் நாள் "மகரந்தம்" என்ற சொல்லில் முட்டி நின்ற பிள்ளை பத்தாம் நாள் அதை மற்றவருக்கு விளக்கும். சொற்களையும் அப்படியே குடும்பமாகக் கொடுங்கள். "நீர்" என்று நடுவில் எழுதி வெந்நீர், கண்ணீர், நன்னீர், நீர்வீழ்ச்சி என்று கிளை விடச் சொன்னால், "தண்ணீர்" என்பதே தண் + நீர், குளிர்ந்த நீர் என்று யாராவது ஒருவர் கண்டுபிடிப்பார். அப்போது "சுடுதண்ணீர்" என்கிறோமே என்று சிரிப்பு வரும். அந்தச் சிரிப்போடு அந்தச் சொற்கள் போய்ச் சேர்ந்துவிடும்.

இனி, அவ்வளவு உறுதியில்லாத பக்கம். சுருக்கிச் சொல், கேள்வி எழுப்பு, தெளிவுபடுத்து, அடுத்து என்ன என்று ஊகி என்ற நான்கையும் குழுவாக, முறைவைத்து, பிள்ளைகளே ஆசிரியர் இடத்தில் இருந்து செய்வது அன்னமேரி பாலிங்சர், ஆன் பிரவுன் ஆகியோர் 1984இல் விரிவாக எழுதிய முறை. பயிற்சி முகாம்களில் இதற்குத் தனி மரியாதை உண்டு. நானும் செய்கிறேன், பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது. ஆனால் 1994இல் ரோசன்ஷைனும் மெய்ஸ்டரும் 16 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஆய்வாளர்கள் தாங்களே தயாரித்த தேர்வுகளில் விளைவின் அளவு (இந்த முறையில் படித்தவர்கள் மற்றவர்களைவிட எவ்வளவு முன்னே என்று காட்டும் எண்; பூஜ்யம் என்றால் வித்தியாசமே இல்லை) 0.88, பொதுவான தரப்படுத்திய தேர்வுகளில் 0.32. இரண்டாவது எண்ணும் சும்மா தள்ளக்கூடியது இல்லை. ஆனால் அது மாயமும் இல்லை. தவிர, அந்த முறை முதலில் சோதிக்கப்பட்டது ஏழாம் வகுப்பு மாணவர்களிடம். என் பழக்கம், வருடத் தொடக்கத்தில் சில வாரம் இந்த உத்திகளைப் பழக்கிவிட்டு, பிறகு அவற்றைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிடுவது. "மையக்கருத்தைக் கண்டறிதல்" என்று கால அட்டவணையில் பாடவேளை ஒதுக்குவதில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. தேனீயைப் பற்றிய பத்தியின் மையக்கருத்தைச் சொன்ன பிள்ளைக்கு, நிலநடுக்கத்தைப் பற்றிய பத்தியில் அந்தத் திறன் தானாக வந்துவிடுவதை நான் பார்த்ததில்லை. இது என் வகுப்பறையில் பார்த்தது, ஆய்வு முடிவு அல்ல; எதிர்மாறாகப் பார்த்தவர்கள் இருப்பார்கள்.

ஆளுக்கொரு வரி வாசிப்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஒருவர் வாசிக்கும்போது மற்றவர்கள் தங்கள் வரி எது என்று எண்ணிக்கொண்டிருப்பார்கள். நீங்கள் ஒருமுறை நிறுத்தி நிறுத்தி வாசித்துக்காட்டுங்கள், பிறகு இருவர் இருவராக, பிறகு தனியாக.

எழுதுவதை வாசிப்பிலிருந்து பிரிக்காதீர்கள். வாசித்ததைப் பற்றி எழுதுவது புரிதலை உயர்த்துகிறது என்று கிரஹாம், ஹெபர்ட் இருவரின் 2010 தொகுப்பாய்வு காட்டுகிறது. நீளமாக எழுதவேண்டியதில்லை. "தேனீக்கள் குளிர்காலத்தில் கூட்டைவிட்டு அதிகம் வெளியே போவதில்லை" என்ற ஒரே வரியை மூன்று விதமாக முடிக்கச் சொல்லுங்கள்: ஏனென்றால்…, ஆனால்…, எனவே… பயிற்சித்தாளில் ஐந்து கேள்விக்கும் சரியாக எழுதிய பிள்ளை "ஆனால்" என்ற இடத்தில் பேனாவை எடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பீர்கள். எங்கே புரியவில்லை என்பது அங்கே தெரிந்துவிடும்.

நான் சொன்ன எதுவும் எழுத்தே நிலைக்காத பிள்ளைக்குப் பொருந்தாது. நேற்றுப் படித்த எழுத்து இன்று மறந்து, மாதக்கணக்கில் அப்படியே இருந்தால், முதலில் கண்ணும் காதும் பரிசோதிக்கப்பட வேண்டும், பிறகு டிஸ்லெக்சியா (எழுத்தை வாசிப்பதில் வரும் கற்றல் குறைபாடு) உண்டா என்று பயிற்சி பெற்றவர் பார்க்க வேண்டும். அது என் துறை இல்லை. தைரியமூட்டி உட்காரவைத்துவிட்டு நாமே வைத்தியம் பார்க்கக் கூடாத இடம் அது.

பயிற்சித்தாளை முழுக்க நிறுத்தவேண்டுமா என்றால், வேண்டாம். தேர்வு எழுதவும் பழகத்தானே வேண்டும். வாரத்துக்கு ஒன்று வையுங்கள். ஐந்து கேள்வியில் நான்கை அடித்துவிட்டு ஒன்றை மட்டும் விடுங்கள்: விடை பாடத்தில் எழுதப்படாத ஒரு கேள்வியை. விடைக்குக் கீழே இன்னொரு கோடு போட்டு, "எந்த வரியை வைத்துச் சொல்கிறாய்?" என்று அச்சடியுங்கள். முதல் இரண்டு வாரம் அந்தக் கோடு காலியாகவே திரும்பி வரும். மூன்றாவது வாரத்திலிருந்து பிள்ளைகள் சொற்களுக்கு அடியில் கோடு போட ஆரம்பிப்பார்கள். திருத்தும்போது சிவப்புப் பேனாவை வைத்துவிட்டு, அந்தக் கோடுகளை மட்டும் பாருங்கள்.